நாற்பத்தோரு பேர் சொன்ன இடம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. படகு உரிமத்தில் அது எழுதியிருப்பதாகக் கேள்வி. துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் முறைப்புதான். அவர் முறைத்தால் ஐஸ் பெட்டியில் கிடக்கும் மீன்கூடக் கண்ணை மூடிக்கொள்ளும். மீனுக்கு இமையே கிடையாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் பார்த்ததெல்லாம் அவர் முறைக்காத மீன்கள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுச் சமையலறையில், பாதி உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவி கையில் இருந்த காகிதத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவ படி.”

“மூணு தடவ படிச்சாச்சு. வாய் வலிக்குது.”

“பன்னெண்டாம் பக்கம் மட்டும்.”

மனைவி கடல் ஆய்வு நிலையத்தில் தொட்டி கழுவுகிறவள். நிலையத்து இயக்குநர் எழுதிய அறிக்கையை மீனவர் சங்கத்துக்கு அனுப்பும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். சங்கத்துக்குப் போகும் வழியில் வீடு இருந்தது. அவள் பெருமூச்சு விட்டுவிட்டுப் படித்தாள்.

“‘முதல் கட்டத்தில் நடப்பட்ட ஆயிரத்து இருநூறு பவளத் துண்டுகளும் மணலில் புதைந்து அழிந்தன. இடத்தைத் தேர்ந்தெடுக்க மீனவர்களின் சொல்லை நம்பியதே இதற்குக் காரணம். அவர்களுக்குக் கடலடி குறித்துப் போதிய அறிவு இல்லை என்பது உறுதியாகிறது. இரண்டாம் கட்டத்தில் அவர்களைக் கலந்தாலோசிக்கத் தேவையில்லை.’”

வெங்காயம் பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

“அறிவு இல்லையாம்! எனக்கு! முப்பத்திரண்டு வருஷமா அந்தக் கடலுக்குள்ள குப்புற விழுந்து கிடக்கிறேன். எந்தக் கல்லுக்குக் கீழ எந்த மீன் யாரோட சண்ட போட்டுட்டுத் தனியா இருக்குன்னு எனக்குத் தெரியும். அறிவு இல்லன்னு எழுதியிருக்கான்!”

“நீங்க காட்டுன இடத்துலதானே வெச்சாங்க? செத்துப்போச்சுல்ல?”

“சாகத்தான் செய்யும். அது விருந்தாளி மேடு!”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவருக்கே உறைத்தது.

விருந்தாளி மேடு என்பது கடலுக்குள் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் மொட்டைத் திட்டு. காற்று மாறும்போதெல்லாம் மணல் வந்து மூடும். மறுபடி காற்று மாறினால் விலகும். அங்கே மீன் கிடையாது, நண்டு கிடையாது, பாசி ஒட்டுவதற்குக்கூடக் கூச்சப்படும். வெளியூர்ப் படகுக்காரன் வந்து, “எங்க மீன் கிடைக்கும்?” என்று கேட்டால் துறைமுகம் முழுவதும் ஒரே குரலில் கைகாட்டும் இடம் அதுதான். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ததில்லை. கொட்டாவிபோல ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றிய பழக்கம்.

இரண்டு வருடம் முன்பு, வெயில் காலத்தில் கடல் சூடாகிப் பவளமெல்லாம் வெளுத்துச் செத்தது. அதை மறுபடி வளர்க்க வேண்டுமென்று நிலையத்திலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண்மணி வந்தார். டாக்டர் பட்டம் வாங்கியவர் என்பதால் டாக்டரம்மா. முதல் வாரம் முழுக்க அவரிடம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்கள். இரண்டாவது வாரம் அவர் கேள்வித்தாளோடு வலை பின்னும் கொட்டகைக்கு வந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, “பவளம் நல்லா வளரக்கூடிய இடம் எதுங்க?” என்று கேட்டார். நாற்பத்தோரு பேர். நாற்பத்தோரு பேரும் அவர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, விருந்தாளி மேடு என்றார்கள். இப்படியொரு ஒற்றுமையை உலகத்தில் எங்கேயும் கண்டதில்லை என்று அவர் மாநாட்டில் பேசிக் கைதட்டு வாங்கினார்.

மனைவி எழுந்து நின்றாள்.

“ஒவ்வொரு துண்டும் என் சுண்டுவிரல் அளவு இருந்துச்சு. பல் விளக்குற பிரஷ்ஷால பாசி தேச்சுத் தேச்சு வளத்தேன். ஆயிரத்து இருநூறு. எல்லாத்தையும் தெரிஞ்சே புதைச்சிருக்கீங்க.”

“தெரிஞ்சேன்னு இல்ல… கேட்டாங்க, வாய் தானா சொல்லிடுச்சு.”

“இப்ப தொட்டியில அறுநூறு இருக்கு. கடைசி அறுநூறு. அடுத்த மாசம் மொத வியாழக்கிழம அதையும் கொண்டுபோறாங்க. இயக்குநர் கம்ப்யூட்டர்ல இடம் பாத்துட்டாராம். துறைமுகச் சுவருக்குப் பின்னால.”

“எங்க?”

“அலை இல்லையாம். வர்றவங்களுக்குக் காட்டவும் வசதியாம்.”

முறைப்பு உட்கார்ந்துவிட்டார். கோடையில் தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்தச் சுவருக்குப் பின்னால் இறங்கி அவர் படகு விசிறியைச் சரிசெய்திருக்கிறார். அரை மணியில் கால் சிவந்துவிடும். அங்கே பவளம் வைப்பதும் அடுப்பில் வைப்பதும் ஒன்று.

“அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. நல்ல இடம் உங்களுக்குத் தெரியும்ல?”

தெரியும். அதுதான் சிக்கல். கடல் சூடாகிக் கிடந்த அந்த வருடத்திலும் வெளுக்காமல் நின்ற ஒரு பாறைத் திட்டு இருந்தது. மற்ற இடத்தில் பிடித்த மீன் வெதுவெதுவென்று வரும். அங்கே பிடித்தது கையில் சில்லென்று இருக்கும். ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறுகிறது என்று அதை வைத்தே அவர் கண்டுகொண்டார். அந்த இடம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கட்டிய மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. நாற்பது நிமிடத்தில் போகக்கூடிய அங்கே, யாரும் பின்தொடரக் கூடாதென்று வளைந்து வளைந்து இரண்டரை மணி நேரம் போவார். ஒருமுறை அளவுக்கு மீறி வளைந்ததில் தன் படகையே தான் பின்தொடர்ந்து, “எவன்டா அவன் வேவு பாக்கிறது!” என்று கத்திவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் காலை நிலையத்துக்குப் போனார். டாக்டரம்மாவின் அறையில் ஒரு மேசை, ஈரத் துண்டுகள் தொங்கும் கொடி, உப்புப் பூத்த ஜன்னல். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“உக்காருங்க.”

“உக்கார வரல. பன்னெண்டாம் பக்கத்தக் கிழிக்க வந்தேன்.”

“நீங்க சொன்ன இடத்துலதானேங்க வெச்சோம்?”

“அது பொய்.”

“எது?”

“நாங்க சொன்னது. நாப்பத்தோரு பேரும் பொய் சொன்னோம். பொய்யன்னு எழுதியிருந்தா நான் ஏன் வரப்போறேன்? தெரியாதவன்னு எழுதலாமா? தெரியாம எப்படிம்மா அவ்வளவு மோசமான இடத்தக் காட்ட முடியும்?”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது.

“ரெண்டு வருஷம். என் ரெண்டு வருஷத்த மணல்ல புதைச்சிட்டு, இத வந்து பெருமையா சொல்றீங்க?”

“நாப்பத்தோரு மீன்பிடிக்காரன் ஒரே பதில் சொன்னா உங்களுக்குச் சந்தேகம் வர வேணாமா? நாங்க விடிஞ்சிடுச்சா இல்லையாங்கிறதுலகூட ஒத்துப்போக மாட்டோமே! அதக் கூடவா பாடத்துல சொல்லித் தரல?”

அடி சரியான இடத்தில் விழுந்தது. சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவுக்கும் புரிந்தது. அந்தக் கைதட்டலில் அது காதில் விழாமல் போயிருக்கிறது.

“சரி. நான் முட்டாள். நீங்க பொய்யர். அடுத்த மாசம் அறுநூறு துண்டு வேகப் போகுது. நல்ல இடம் எதுன்னு இப்பவாவது சொல்லுங்க.”

முறைப்பின் வாய் திறந்தது. மூடியது.

“அத மட்டும் கேக்காதீங்க.”

டாக்டரம்மா மேசை இழுப்பறையைச் சத்தமாக இழுத்தார். உள்ளே சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய உலோக வில்லைகள். தண்ணீரின் சூட்டைப் பத்து நிமிடத்துக்கொரு தரம் தானாகக் குறித்துக்கொள்ளும் கருவி.

“இதுக்கு இடம் தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். ஆளுக்கு ஒண்ணு. அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச நல்ல இடத்துல பத்து நாள் போட்டு எடுத்துட்டு வாங்க. எங்க போட்டீங்கன்னு நான் கேக்க மாட்டேன். எது ரொம்பக் குளிர்ச்சியா இருக்கோ, அந்த ஒருத்தர் மட்டும் இடத்தச் சொன்னாப் போதும்.”

அந்தப் பெண்மணியின் மீது முறைப்புக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. வந்த வேகத்தில் அதை மறைத்துக்கொண்டு, “பாக்கலாம்” என்றார்.

கொட்டகையில் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்துக் காட்டியதும் நாற்பத்தோரு பேரும் கொதித்தார்கள். சங்கத் தலைவர் தோளில் கிடந்த துண்டை உதறி, “நம்மள அறிவு கெட்டவன்னு சொன்னவன் மூக்கு உடையணும்!” என்றார். எல்லோரும் ஆளுக்கொரு பொத்தானை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, மூக்கை உடைக்கக் கிளம்பினார்கள்.

முறைப்பும் கிளம்பினார். உண்மையாகவே தன் இடத்துக்குத்தான் கிளம்பினார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், பின்னால் அவர் மச்சினன் படகு. மனைவியின் தம்பி, வாய் ஓயாதவன். அவனுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் கடலுக்கு அக்கரையில் இருப்பவர்களுக்கும் தெரியும். முறைப்பு படகைத் திருப்பினார். அன்று முழுக்கச் சுற்றினார். பொழுது சாய்ந்தது, டீசல் குறைந்தது. “எல்லாரும் நல்ல இடத்துலதான் போட்டிருப்பானுங்க, என் ஒருத்தனோடது குறைஞ்சா என்ன இப்போ?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பொத்தானைக் கல்லில் கட்டி விருந்தாளி மேட்டில் இறக்கினார்.

பத்து நாள் கழித்து நிலையத்தின் கூட்ட அறையில் எல்லோரும் கூடினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைத் திரை. கதவோரம் ஈரக் கையோடு முறைப்பின் மனைவி. டாக்டரம்மா கணினியைத் தட்டினார். திரையில் ஒரு தடித்த கோடு வந்தது, நங்கூரக் கயிறு போல.

“இது யாரோடது?” என்றார் தலைவர்.

“எல்லாரோடதும்.” டாக்டரம்மாவின் குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. “நாப்பது கோடு. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஒரே கோடா தெரியுது. நாப்பது பேரும் ஒரே இடத்துல போட்டிருக்கீங்க.”

பின்னால்தான் விவரம் வெளியே வந்தது: அந்தப் பத்து நாளில் ஏழு பேர் விருந்தாளி மேட்டில் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். ஏழு பேருக்கும் அப்போது இன்ஜின் கோளாறு.

“நாப்பத்தோராவது?” என்று யாரோ முனகினார்கள்.

“அது நாலு டிகிரி காட்டுது. கடல்ல அவ்வளவு குளிர் வேணும்னா துருவத்துக்குப் போகணும்.”

தலைவர் தன் துண்டைச் சரிசெய்தார். அவர் பொத்தானை ஐஸ் பெட்டியில் போட்டு மறந்துவிட்டார்.

“ரெண்டாவது தடவ,” என்றார் டாக்டரம்மா. “ரெண்டாவது தடவையும். இனிமே உங்களுக்காக நான் இயக்குநர்கிட்ட பேச மாட்டேன். சுவருக்குப் பின்னாலயே வெச்சுக்கட்டும். வெந்து சாகட்டும்.” காகிதங்களை அடுக்கினார். அடுக்கியது சரிந்தது. மறுபடி அடுக்கினார்.

முறைப்பின் மனைவி அந்தத் தடித்த கோட்டைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். முறைக்கவே தெரியாதவள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தார். அன்று அவர்தான் கண்ணைத் தாழ்த்தினார்.

தாழ்த்திய கண்ணில் நாற்பது ஜோடிச் செருப்புகள் தெரிந்தன. அத்தனையும் மெதுவாக வாசல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபம் யார் மேல் என்று பிரிக்க முடியாதது. எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

“எங்கடா போறீங்க? உக்காருங்கடா! பன்னெண்டாம் பக்கம் பொய்யின்னு கத்துனோம். இப்ப நம்ம கையாலேயே அத உண்மையாக்கியாச்சு. தெரிஞ்சும் சொல்லாதவனுக்கும் தெரியாதவனுக்கும் அந்தத் தொட்டியில கிடக்கிறது என்ன வித்தியாசத்தக் கண்டுது?” டாக்டரம்மா பக்கம் திரும்பினார். “எழுதிக்கோங்க. ஒரு தடவதான் சொல்லுவேன். ரெண்டாவது தடவ வாய் வராது.”

டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

“கடல்ல இருந்து கரையப் பாத்து, துறைமுக விளக்கையும் ஊர்த் தண்ணி டேங்கையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வையுங்க. விலகாம அப்படியே போங்க. வலது பக்கம்…” பல் பிடுங்குவதுபோல் முகம் கோணியது. “வலது பக்கம் ஐஸ் தொழிற்சாலைக் கூரை, பள்ளிக்கூடத்து மாடியத் தொடும். தொட்ட இடத்துல நிறுத்துங்க. அதான்.”

அறையில் உதடுகள் அசைந்தன. அத்தனை பேரும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். மச்சினனும் தலைவரும் மட்டும் உதட்டை அசைக்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துக்கத்தில் பங்கெடுக்கிறார்கள் என்று முறைப்பு நினைத்தார்.

டாக்டரம்மா அன்றே போய்ப் பொத்தான்களை இறக்கினார். நான்கு நாளில் கோடு வந்தது. மத்தியானத்தில் சுவருக்குப் பின்னால் இருப்பதைவிட அங்கே நாலு டிகிரி குறைவு. பவளம் பிழைக்க அதில் பாதி போதும் என்றார். இயக்குநர் கோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மேலே எழுதி அனுப்பிய இடத்தை மாற்ற முடியாது என்றார். முறைப்பின் மனைவி தொட்டி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். “துண்டு வேணும்னா இடத்த மாத்துங்க. சாவி வேணும்னா என்னைத் தாண்டிப் போங்க.” இயக்குநர் ஆள் அனுப்பினார். வந்த ஆள் வாசலில் உட்கார்ந்திருந்த முறைப்பைப் பார்த்தான். வந்த வழியே போனான். மாலையில் இடத்தை மாற்றிக் கையெழுத்தாகிவிட்டது.

குறித்த வியாழக்கிழமை காலை முறைப்பின் படகு, வாழ்க்கையில் முதல்முறையாக, அந்த இடத்துக்கு நேராகப் போனது. இன்ஜினுக்கே வழி புதிதாக இருந்ததால் நடுவில் இரண்டு முறை இருமியது. படகில் டாக்டரம்மா, ஈரத் துணி போர்த்திய வாளிகளோடு மனைவி, தூக்கிக் கொடுக்க மச்சினன். இரும்புச் சட்டம் ஒன்றுக்குப் பத்துத் துண்டு, அறுபது சட்டம். பாறையில் அடித்த முளைகளில் அவற்றைக் கட்ட வேண்டும்.

டாக்டரம்மா முதுகில் காற்றுக் குப்பியோடு இறங்கினார். முறைப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அடியில் ஒரு சண்டை நடந்தது. வாய் திறக்க முடியாததால் கையால் நடந்தது. டாக்டரம்மா தட்டையான மேல்பக்கத்தைக் காட்டினார். முறைப்பு தலையை ஆட்டி, காற்று மாறினால் மணல் அங்கேதான் ஏறும் என்று இரண்டு கையாலும் மணலை வாரிக் காட்டிவிட்டு, பக்கத்துச் சரிவைக் கைகாட்டினார். டாக்டரம்மா சரிவின் நிழலைக் காட்டி, வெளிச்சம் போதாது என்று மேலே சூரியனைக் காட்டினார். நடுவில் முறைப்பு மூச்சுக்காக மேலே போய்வர வேண்டியிருந்தது. வருவதற்குள் டாக்டரம்மா தான் காட்டிய மேல்பக்கத்தில் இரண்டு சட்டத்தைக் கட்டியிருந்தார். அவர் குப்பியில் காற்று எவ்வளவு மீதி என்று பார்த்துவிட்டுத் திரும்பியபோது முறைப்பு அவற்றை அவிழ்த்திருந்தார். ஏழாவது மூச்சில், மணலும் ஏறாத, வெளிச்சமும் குறையாத ஒரு தோள்மேட்டில் இருவர் கையும் ஒன்றாகப் போய் நின்றன. யார் முதலில் காட்டியது என்பதில் இருவரும் இன்றுவரை பிடிவாதமாக இருக்கிறார்கள்.

அங்கே இடம் சுத்தம் செய்தபோதுதான் பாறை இடுக்கில் சிக்கியிருந்த பழைய தூண்டில் நரம்புகளை டாக்டரம்மா கத்தையாக அறுத்துக்கொண்டு மேலே வந்தார்.

“உங்க தூண்டில்தானே? இனிமே இங்க போடக் கூடாது.”

முறைப்பு வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. மீன்பிடிக்காரன் கொக்கி கட்டும் முடிச்சு அவன் கையெழுத்து மாதிரி. கையெழுத்தையாவது மாற்றிப் போடலாம்.

“இது என்னோடது,” என்றார். “இது என்னோடது. இது…” ஒரு கொக்கியை வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று சுற்று, ஒரு செருகல். “மாப்ளே.”

மச்சினன் வாளிக்குள் மும்முரமாக எதையோ தேடினான்.

“மாப்ளே, இது உங்க வீட்டு முடிச்சு.”

“இருக்கும் அத்தான்.”

“எத்தன வருஷமா?”

“அப்பா காட்டுனாரு. அத்தானுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு, சொல்லாதேன்னாரு.”

“பொண்ணக் குடுத்த மனுஷன்!” படகு ஆடியது. “வந்தப்பல்லாம் ‘மாப்பிள்ளைக்கு இன்னைக்கு எங்க கிடைச்சுது?’ன்னு கேட்டாரே! நான் தினமும் வேர்க்க வேர்க்கப் பொய் சொன்னேனே! இந்த நாலாவது முடிச்சு யாரோடது?”

“தலைவரோடது அத்தான். ஆனா அவரு செவ்வாக்கிழமை மட்டும்தான்.”

முறைப்பு வாயைத் திறந்தார். முப்பத்திரண்டு வருடம் வளைந்து வளைந்து எரித்த டீசல் முழுவதும் அந்த வாயில் வந்து நின்றது. ஆனால் அவருக்கு முன்னால் மனைவி எழுந்துவிட்டாள்.

“வாய மூடுங்க ரெண்டு பேரும். டேய், உனக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும். ஆயிரத்து இருநூறையும் அந்த மணல்ல இறக்குன அன்னிக்கு மூணு பேரும் கரையில நின்னு கை தட்டுனீங்க. நான் பாத்தேன். எவன் எடத்த எவன் திருடுனான்னு இப்பப் பஞ்சாயத்தா?” சட்டம் ஒன்றைத் தூக்கி நீட்டினாள். பத்துத் துண்டுகளும் வெயிலில் ஈரமாக மின்னின. “காயுது. இறங்குங்க.”

முறைப்பு டாக்டரம்மாவைப் பார்த்தார். அங்கேயும் உதவி இல்லை. சட்டத்தை வாங்கினார்.

“வாடா,” என்றார் மச்சினனிடம்.

இருவரும் இறங்கினார்கள். அடியில் முறைப்பு சட்டத்தைப் பாறையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மச்சினனை முறைத்தார். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த மீன் கூட்டம் ஒன்று வேறு ஊருக்குக் குடிபோனது. மச்சினன் கட்டினான். மூன்று சுற்று, ஒரு செருகல். முறைப்பு பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. நெஞ்சு முட்டியது, ஆனாலும் இன்னொரு முறை, இன்னும் பலமாக இழுத்துப் பார்த்தார். துண்டு ஒன்றுகூட ஆடவில்லை.

அதற்குப் பிறகுதான் மேலே வந்தார், மீதியைத் திட்ட.